மலையில்லாத ஊரில் மலை வரைந்த பிள்ளைகள்: தொடக்கப் பள்ளி ஓவிய வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கல்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கலுக்குக் கொஞ்சம் தள்ளி உள்ள ஒரு கிராமத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இது. மூன்று ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். 3-ம் வகுப்பும் 4-ம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். இரண்டும் சேர்ந்து 24 பிள்ளைகள். அவர்களுக்கு ஒரே வகுப்பாசிரியை.

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்கு ஓவிய ஆசிரியர் பணியிடம் கிடையாது. 2012-ல் நியமிக்கப்பட்ட என்னைப் போன்ற பகுதி நேர ஓவிய ஆசிரியர்கள் 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும்தான். எங்களுக்கு வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பக்கத்து நடுநிலைப் பள்ளியில் நான் பணிபுரிவதால், வேலை இல்லாத வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் வந்து உதவ முடியுமா என்று அந்த வகுப்பாசிரியை கேட்டார். தலைமை ஆசிரியரும் சம்மதித்தார்.

வகுப்பில் அப்போது நீர்நிலைகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியிலிருந்து பத்து நிமிட நடையில் ஏரி. பொங்கல் முடிந்த நேரம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்ததால் ஏரி கரை தொட்டு நின்றது. 'எங்க ஊர் ஏரி' என்பதையே கருப்பொருளாக வைத்துச் சில வாரங்கள் ஓவிய வேலை செய்யலாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

முதல் வகுப்பில் கண்டது

கரும்பலகையில் தலைப்பை எழுதி, ஆளுக்கொரு தாள் கொடுத்து, வேறு எதுவும் சொல்லாமல் வரையச் சொன்னோம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன வருகிறது என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்தோம்.

24 தாள்களில் 19-ல் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலை இடுக்கிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஒரு ஓரத்தில் குடிசை, இன்னொரு ஓரத்தில் தென்னை மரம், வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. அந்த ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் மலை தெரியாது. ஏரிக்கரையில் நிற்பவை பனையும் கருவேலமும். தென்னை ஒன்றுகூட இல்லை. சிலர் ஆற்றைக் கொஞ்சம் அகலமாக்கி, பக்கத்தில் 'ஏரி' என்று எழுதியிருந்தார்கள். மீதி ஐந்து பேரில் இரண்டு பேர் தாளை வெறுமனே வைத்திருந்தார்கள். மூன்று பேர் போட்டுப் போட்டு அழித்ததில் தாள் தேய்ந்து கிழியும் நிலைக்கு வந்திருந்தது.

எல்லோருமே மலையை ஸ்கேல் வைத்துத்தான் கோடு போட்டார்கள். வரைந்ததைவிட ரப்பரால் தேய்த்த நேரம்தான் அதிகம். ஒவ்வொரு கோட்டுக்கும் "டீச்சர், சரியா இருக்கா?" என்று தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடங்குவதற்கு முன்பே ஒரு பையன் கேட்டான்: "பரிசு உண்டா சார்?"

இதை வரையத் தெரியாமை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மலை, சூரியன் படத்தை அவர்கள் கை தடுமாறாமல் போட்டது. பள்ளிச் சுற்றுச்சுவரில் அதே காட்சிதான் வண்ணத்தில் இருக்கிறது. அண்ணன், அக்கா நோட்டிலும் அதே. படம் என்றால் இதுதான், இதைப் போட்டால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று அவர்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். ஏழு முதல் ஒன்பது வயதில் பிள்ளைகள் மனிதன், வீடு, மரம் ஒவ்வொன்றுக்கும் தங்களுக்கென்று ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்பப் போட்டு வளர்த்தெடுப்பார்கள் என்று கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் சொல்லியிருக்கிறார். இந்தப் பிள்ளைகளிடம் அந்தச் சொந்த வடிவம் முளைக்கும் முன்பே இரவல் வடிவம் வந்து உட்கார்ந்துவிட்டது. தினமும் பார்க்கிற ஏரி அவர்கள் மனதில் படத்துக்குரிய பொருளாகவே இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் ஏரிக்குப் போவது, ஆனால் அங்கே வரையாமல் இருப்பது. கையில் தாள் இருந்தால் பிள்ளைகளின் கண் தாளில்தான் இருக்கும்; தண்ணீர்க் கரையில் அது ஆபத்தும்கூட. பார்ப்பது, கேட்பது, தொடுவது மட்டும் போதும். திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, கரும்பலகையில் மாதிரிப் படம் போடக் கூடாது என்பது. வகுப்பாசிரியைக்கு இதில் தயக்கம் இருந்தது. "ஒண்ணுமே காட்டலைன்னா சின்னப் பசங்க அப்படியே உக்காந்திருவாங்க சார்" என்றார். நியாயமான கவலைதான், முதல் நாளே இரண்டு பேர் வெறுந்தாளோடு உட்கார்ந்திருந்தார்களே. மாதிரிக்குப் பதிலாகக் கேள்வி கேட்பது என்று ஒப்புக்கொண்டோம். கொக்கு வரையத் தெரியலை என்று ஒரு பிள்ளை வந்தால், வரைந்து காட்டாமல், "கால் எங்கே மடங்குது? கழுத்து நீட்டிக்கிட்டிருந்துச்சா, சுருட்டிக்கிட்டிருந்துச்சா?" என்று கேட்பது.

ரப்பரும் ஸ்கேலும் பைக்குள் போய்விட வேண்டும். கோடு பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு கோடு போடலாம். பரிசு, முதலிடம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம்.

வண்ணப் பெட்டியையும் முதலில் தருவதில்லை என்று வைத்துக்கொண்டோம். காசு மிச்சம் என்பதற்காக அல்ல, தலைமை ஆசிரியருக்கு அது பிடித்திருந்தாலும். பெட்டியில் நீலம் இருந்தால் தண்ணீர் நீலமாகிவிடும். நிறத்தையும் ஏரியிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

ஏரிக்கரையில்

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். இரண்டு அம்மாக்கள் துணைக்கு வந்தார்கள். அப்புறம், பல ஆண்டுகள் நீர்க்கட்டியாக இருந்த ஒரு பெரியவரைக் கேட்டோம். யார் கழனிக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்று முறை வைத்துப் பார்த்தவர். பிள்ளைகள் அவரைத் தெருவில் பார்த்திருக்கிறார்கள். அவர் என்ன வேலை செய்தார் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது.

அவர் மதகின் மேல் நின்று, இந்தத் திருகைத் திருப்பினால் பலகை மேலே வரும், தண்ணீர் அந்தக் கால்வாயில் ஓடும் என்று காட்டினார். நிரம்பி மிஞ்சின தண்ணீர் போகிற கலங்கலுக்கும் கூட்டிப்போனார். "கலங்கல் இல்லன்னா என்ன தாத்தா ஆகும்?" என்று ஒரு பெண் கேட்டாள். "கரை பிச்சிக்கும். ஊரே முழுகிடும்" என்றார். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு கலங்கல் கல் ஒவ்வொன்றையும் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள்.

அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உத்திரமேரூர். சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் இருந்தது பதிவாகியிருக்கிறது. வகுப்பாசிரியை இதை அங்கேயே, மதகைக் காட்டிக்கொண்டே சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முந்தின சேதி பிள்ளைகளுக்கு எவ்வளவு எட்டியது என்று சொல்ல முடியாது. பெரியவர் மட்டும் அதை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அறுவடை முடிந்த ஒரு சேற்றுக் கழனியில் நத்தைகுத்தி நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாசிப்பில் மிகவும் பின்தங்கிய, அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் முதல் படியான 'அரும்பு' நிலையிலேயே இருந்த ஒரு 3-ம் வகுப்புப் பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். "சார், அதுக்கு வாய் மூடாது. நடுவுல சந்து இருக்கும்." அது உண்மை. வளர்ந்த நத்தைகுத்தி நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேரும், நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். நத்தையைப் பிடிக்கவும் கையாளவும் தோதான அலகு. இதை அவன் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அப்பாவோடு கழனிக்குப் போகும்போது பார்த்து வைத்திருக்கிறான். வகுப்பாசிரியை அவனை எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். வகுப்பில் அவன் தானாக வாய் திறந்து பேசியதை அன்றுதான் கேட்டதாக அவர் பிறகு சொன்னார்.

திரும்பும்போது ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் ஏரித் தண்ணீரும், பையில் கொஞ்சம் வண்டலும் செம்மண்ணும் எடுத்துக்கொண்டோம்.

நிறம் செய்தது

பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்தோம். "தண்ணிக்கு என்ன நிறம்?" என்று கேட்டதும் பாதிப் பேர் பாட்டிலைப் பார்க்காமலே நீலம் என்றார்கள். பார்க்கச் சொன்னோம். டீத் தண்ணி மாதிரி, பச்சை, மண் கலர், அடியில் ஒரு நிறம் மேலே ஒரு நிறம் என்று பதில்கள் வரத் தொடங்கின. "அப்ப ஏன் சார் எல்லாரும் நீலம் அடிக்கிறாங்க?" என்று ஒரு 4-ம் வகுப்புப் பெண் கேட்டாள். ஏரியில் வானம் தெரிவதைப் பற்றி அங்கிருந்தே பேச முடிந்தது. பாட்டிலில் வானம் தெரியவில்லை, ஏரியில் தெரிகிறது, ஏன்? அன்றைய வகுப்பின் பெரும்பகுதி இதிலேயே போனது. போகட்டும் என்று விட்டோம்.

செம்மண்ணையும் வண்டலையும் துணியில் சலித்தார்கள். அடுப்புக்கரியைப் பொடித்தார்கள். மஞ்சள் தூள், செங்கல் தூள், சுண்ணாம்பு வீட்டிலிருந்து வந்தன. கருவேலம் பிசினை முந்தின இரவே ஊறவைத்து, அந்தப் பசைநீரில் பொடியைக் குழைத்தால் தாளில் பிடித்துக்கொள்ளும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவந்தபோது அறையே கூச்சலானது. ஆலாத்தித் தட்டில் தினம் பார்க்கிறதுதானே என்றால், இது அவர்களே செய்தது.

வரைந்தபோது

இந்த முறை மலை வரைந்தவர்கள் மூன்றே பேர். அவர்களை நிறுத்தவில்லை. மற்றவர்களிடம் மதகு வந்தது, திருகு வந்தது, கலங்கல் கற்கள் ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கி வந்தன. நாரை வரைந்த பையன் உடம்பைச் சின்னதாகவும் அலகை உடம்பைவிட நீளமாகவும் போட்டு, நடுவில் சந்தை மட்டும் தாளின் வெள்ளையாகவே விட்டிருந்தான். எது முக்கியமோ அது பெரிதாக வருவது இந்த வயதுக்கு இயல்பு. அளவைத் திருத்த வேண்டாம் என்று வகுப்பாசிரியையிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒரு பெண் ஏரியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தது போல வரைந்து, உள்ளே மீன்களை நிரப்பியிருந்தாள். ஒரு பெரிய விராலைச் சுற்றிச் செங்கல் தூளில் தொட்டுத் தொட்டு வைத்த புள்ளிகள். "தண்ணிக்குள்ள இருக்கிறது வெளிய எப்படிம்மா தெரியும்?" என்று வகுப்பாசிரியை கேட்டார். "உள்ள இருக்குதே டீச்சர்" என்றாள் அவள். புள்ளிகள் என்னவென்று நான் கேட்டேன். விரால் குஞ்சுகளாம். சிவப்பாகக் கூட்டமாகப் போகுமாம், பெரிய மீன் கீழே காவல் போகுமாம். அவள் அப்பா வலை போடுகிறவர். விரால் தன் குஞ்சுகளைக் காப்பதும், குஞ்சுகள் செம்மஞ்சளாக இருப்பதும் அப்படியே உண்மை. கண்ணால் பார்ப்பதை மட்டும் வரை என்று கட்டாயப்படுத்தியிருந்தால் இந்த அறிவு தாளுக்கு வந்திருக்காது.

தரையில் விரித்த தாள்

கடைசி வேலையாக, காக்கித் தாள்களை ஒட்டி வராந்தா தரையில் விரித்தோம். எல்லோரும் சேர்ந்து முழு ஏரியையும் போடுவது. இங்கேதான் இந்த நிகழ்வின் கடினமான கட்டம் வந்தது.

ஏரியின் ஒரு கரையில் ஊர், கலங்கலைத் தாண்டிக் காலனி. பள்ளி ஊர்ப் பக்கம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள். ஊர்ப் பக்கப் பிள்ளைகள் நான்கைந்து பேர் முதலில் தாளின் கீழ் ஓரத்தைப் பிடித்துக் கோயில், அரசமரம், தங்கள் வீடுகளைப் போட்டார்கள். ஏரி அதற்கு மேலே. காலனிப் பிள்ளைகள் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது மேல் ஓரம். "உங்க வீடெல்லாம் தூரமா இருக்கு, குட்டியாப் போடு" என்று ஒரு பையன் சொல்லிவிட்டான். ஒரு பெண் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

வகுப்பாசிரியையும் நானும் வேலையை நிறுத்தினோம். இரண்டு வழிகள் தெரிந்தன. தாளை இரண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். சண்டை உடனே தீரும், ஆனால் ஊரில் இருக்கிற பிரிவைத் தாளிலும் நாமே போட்டுக் கொடுத்ததாக ஆகும். அல்லது படத்துக்கு மேல் எது கீழ் எது என்பதையே எடுத்துவிடலாம். இரண்டாவதைத் தேர்ந்தோம். தாளைத் திருப்பி, ஏரியை நடுவில் வைத்து, அவரவர் தங்கள் வீடு இருக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து பார்த்தால் எப்படியோ அப்படிப் போடச் சொன்னோம். ஏற்கெனவே போட்ட கோயிலும் வீடுகளும் அப்படியே இருந்தன. தூணுக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் வகுப்பாசிரியை போய், "உங்க பக்கத்துல இருந்து பாத்தா முதல்ல என்னடா தெரியும்?" என்று கேட்டார். "கலங்கல் டீச்சர். அப்புறம் எங்க ஆயா வீடு." அவள் வந்து கலங்கலைப் போட்டாள்.

சாலையின் இரு பக்க வீடுகளையும் எதிரெதிராகச் சாய்த்து வரைவது இந்த வயதுப் பிள்ளைகளே தானாகச் செய்வதுதான். அந்த வழக்கம் இங்கே ஒரு நியாயத்துக்குப் பயன்பட்டது. யாருடைய வீடும் தூரத்தில் இல்லை. "குட்டியாப் போடு" என்ற பையன் எழுந்து காலனிப் பக்கம் வந்து, "இங்க இருந்து பாத்தா எங்க கோயில் தலைகீழா இருக்கு" என்றான். யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அவன் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

காட்சிக்கு வைத்தது

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்த நாளில் படங்களை மாட்டினோம். தலைமை ஆசிரியருக்குக் கவலை. நல்லா இருக்கிறதை மட்டும் தேர்ந்தெடுத்து வைக்கலாமே என்றார். 24-ம் இருக்கட்டும், ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வரியை எழுதி ஒட்டுவோம் என்று வகுப்பாசிரியை உறுதியாக நின்றார். அந்த வரி இல்லாமல் விரால் படம் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்திருக்கும்.

பெற்றோர் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. "எல்லாம் கோணல் மாணலா இருக்கு, முன்னாடி அழகா சீனரி போடுவானே" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். காரணம் சொன்னோம், அவர் முகம் மாறவில்லை. மீன் பிடிக்கும் அப்பா மகளின் படத்தின் முன் நின்று, கெளுத்திக்கு மீசை விட்டுப்போச்சே என்று மகளிடமே சொன்னார்.

பார்வைக்கு வந்த ஓர் அலுவலர் பெரிய படத்தைப் பார்த்து, பாதி வீடு ஏன் தலைகீழாக இருக்கிறது, மாற்றி மாட்டிவிட்டீர்களா என்று கேட்டார். ஆசிரியர்கள் பதில் சொல்லும் முன், கலங்கல் போட்ட பெண் முன்னால் வந்தாள். "அது எங்க பக்கம் சார். நீங்க அந்தாண்ட வந்து பாக்கணும்." அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சுற்றி வந்து பார்க்கும்படி மேசையில் விரித்து வைத்தோம்.

பிறகு நடந்தவை

ஜன்னல் பக்கம் மாட்டிய படங்களில் மஞ்சள் சில வாரங்களில் வெளுத்துவிட்டது. மஞ்சள் தூள் வெயில் தாங்காது. செம்மண், செங்கல், கரி அப்படியே இருந்தன. வண்டலில் செய்த சில பறவை பொம்மைகள் காய்ந்ததும் வெடித்தன.

நாரைப் பையன் ஆண்டு முடிவிலும் அரும்பு நிலையில்தான் இருந்தான். ஓவியத்தால் வாசிப்பு வந்துவிட்டது என்று நான் எழுதினால் பொய். படத்தின் கீழே 'நத்தகுத்தி' என்று தானே எழுதினான். வகுப்பில் கை தூக்கத் தொடங்கினான். அவ்வளவுதான் எங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அடுத்த பருவத்தில் ஒரு போட்டிக்காகச் சாலைப் பாதுகாப்பு பற்றிப் படம் கேட்டார்கள். அவகாசம் இரண்டு நாள். வெளியே போகாமல், பேசாமல், தலைப்பை மட்டும் கொடுத்து வரையச் சொன்னார்கள். வகுப்பாசிரியை அந்தத் தாள்களை எனக்குக் காட்டினார். பாதிக்கு மேல் மலையும் சூரியனும் திரும்பி வந்திருந்தன, நடுவில் ஆற்றுக்குப் பதில் தார்ச் சாலை. பிள்ளைகள் கற்றதை மறந்துவிட்டார்கள் என்று இதை நான் படிக்கவில்லை. பார்க்க எதுவும் கொடுக்காமல் படம் கேட்டால், கையில் இருக்கிற படம்தான் வரும்.

அடுத்த முறை மாற்றுவது

ஏரிக்கு ஜனவரியில் ஒரு முறையும், தண்ணீர் வற்றத் தொடங்கும் மார்ச் கடைசியில் இன்னொரு முறையும் போக வேண்டும். நிரம்பிய ஏரியை மட்டும் பார்த்த பிள்ளைகளிடம் வண்டல், வெடித்த தரை, ஆகாயத்தாமரை ஒதுங்கும் ஓரம் எதுவும் வரவில்லை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் நீர்நிலைப் பாடத்துக்கே அதைவிட நல்ல துணை கிடைக்காது.

கூட்டுப் படத்தைத் தொடக்கத்திலிருந்தே தரையில், ஏரியை நடுவில் வைத்து, எல்லாப் பக்கமும் ஆள் உட்கார்ந்துதான் ஆரம்பிக்க வேண்டும். யார் எந்த ஓரத்தில் உட்காருவது என்பதை முதலில் வருபவர் தீர்மானிக்கும்படி விடக் கூடாது. நீர்க்கட்டிப் பெரியவரைக் கரையில் மட்டும் நிறுத்தாமல், படம் போடும் நாளிலும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும். மதகு எத்தனை, கால்வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் எங்களிடம் பதில் இல்லை, அவரிடம் இருந்தது.

மஞ்சளை வெயில் படாத சுவருக்கு வரும் படங்களில் மட்டும் பயன்படுத்துவது. வண்டலில் கொஞ்சம் மணலோ உமியோ சேர்த்துப் பிசைந்து, நிழலில் மெதுவாகக் காயவைப்பது. பெற்றோருக்குக் காட்சியன்று விளக்குவதற்குப் பதிலாக, நிறம் செய்யும் நாளிலேயே சிலரை உட்காரச் சொல்வது. சீனரி கேட்ட அந்த அம்மாவை முதலில் கூப்பிட வேண்டும் என்று வகுப்பாசிரியை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.